உறைபனியும் ஒரு பழைய எஞ்சினும்

(பழைய மாணவி ஒருவர், ஜெகதளா)

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்கள் கேட்டபோது, "எதைப் பற்றி எழுதட்டும், சிஸ்டர்?" என்றேன். "உனக்குத் தெரிந்ததை எழுது" என்றார்கள். எனக்குத் தெரிந்தவை கொஞ்சம்தான். உருளைக்கிழங்கு தெரியும், உறைபனி தெரியும், மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் ஒன்றைக் குளிரில் கிளப்பத் தெரியும். பெண்பிள்ளைகள் படிக்கும் பத்திரிகையில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அந்த எஞ்சினிடம் நான் கற்ற பாடத்தை இதே பள்ளியின் விஞ்ஞானக் கூடத்தில் முன்பே கற்றிருந்தேன். ஆனால் அது எனக்குப் புரிந்தது ஓடைக்கரையில்தான்.

என் தகப்பனார் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். தாயார் முட்டம் என்னும் கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவர்கள். ஜெகதளாவில் எங்களுக்குச் சொந்த நிலம் இல்லை. ஊரின் பெரியவர்களுள் ஒருவரான படுகர் ஒருவரிடம், ஓடையை ஒட்டிய அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அப்பா பயிர் செய்தார். அந்தப் பெரியவரைச் சிறுவர்கள் நாங்கள் "கவுடர் தாத்தா" என்று அழைப்போம். நிலம் மேலிருந்து கீழாக ஏழு அடுக்குகள். ஏழாவது அடுக்கின் காலடியில் ஓடை. ஓடையோரம் தகரக் கொட்டகையில் அந்த எஞ்சின்.

அது சீமையில் செய்த பழைய எஞ்சின். எஸ்டேட் ஒன்றில் உழைத்துக் களைத்து, இரண்டு கை மாறி எங்களிடம் வந்து சேர்ந்தது. கயிற்றைச் சுற்றி இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். அதன் தலையில் ஒரு தொட்டியும், தொட்டிக்குள் ஒரு தடுப்பும் இருந்தன. சிறிய அறையில் பெட்ரோல், பெரிய அறையில் மண்ணெண்ணெய். இரண்டிலிருந்தும் வரும் குழாய்கள் ஒரு பித்தளைத் திருகில் சேரும். திருகை இடப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் வரும், வலப்பக்கம் திருப்பினால் மண்ணெண்ணெய் வரும், நடுவில் நிறுத்தினால் இரண்டும் நின்றுவிடும். பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பெட்ரோல் விலைக்கு நாள் முழுவதும் அதில் ஓட்ட யாருக்குக் கட்டும்?

நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. நிறுத்துவதற்கு ஐந்து நிமிஷம் முன்பாகத் திருகை மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிட வேண்டும். கார்புரேட்டரின் அடியில் மிதவை வைத்த சிறு கிண்ணம் ஒன்று இருக்கிறது. அந்தக் கிண்ணத்தில் கிடக்கும் மண்ணெண்ணெய் தீர்ந்து பெட்ரோல் நிரம்பிய பிறகே எஞ்சினை அணைக்க வேண்டும். இதை அப்பா எனக்கு ஒரு தடவைக்கு நான்கு தடவை சொல்லிக் கொடுத்திருந்தார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் தோட்டத்துக்கு ஓடி, தண்ணீர் பாய்ந்து முடிந்ததும் எஞ்சினை நிறுத்துவது என் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் எனக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கவுடர் தாத்தாவின் பேரன்மாருக்குக்கூட எஞ்சினைத் தொட அனுமதி கிடையாது.

1986-ஆம் ஆண்டு கிறிஸ்மஸுக்கு முட்டத்திலிருந்து என் மாமா, அம்மாவின் தம்பி, வந்திருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக மலை ஏறியவர். பையில் கருவாடு கொண்டுவந்தார். கம்பளி கொண்டுவரவில்லை. அம்மாவின் பழைய சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்து, "எக்கா, இந்தக் குளிருல மனுசன் இருப்பானா?" என்று ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்பார்.

மாமாவுக்கும் ஓர் எஞ்சின் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில்தான் அந்தக் கடற்கரையில் வள்ளத்தின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்கள் பெருகின. அதே காலத்தில், பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜிலே அடிகளார் முட்டத்தில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் கட்டும் பணியில் ஈடுபட்டிருந்தார். சிறிய படகுத் தொழில்நுட்பத்தைக் கடற்கரை மக்களிடம் கொண்டுசேர்ப்பதில் உள்ள கஷ்டங்களைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1985-ல் வெளிவந்தது. மாமாவும் வேறு இருவரும் கூட்டாகக் கடன் வாங்கி ஒரு வள்ளமும் எஞ்சினும் வாங்கியிருந்தார்கள். அந்த எஞ்சினும் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுவதுதான். எங்கள் எஞ்சினை முதன்முதலாகப் பார்த்ததும் மாமா அதன் தொட்டியைத் தட்டி, "ஓ, நீ நம்ம சொந்தக்காரனா!" என்றார்.

அவுட்போர்டு எஞ்சினைப் பற்றிப் பிற்பாடு படித்த ஒரு செய்தியை இங்கே சொல்லிவிடுகிறேன். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர், தாம் மணக்கவிருந்த பெஸ் என்னும் பெண்ணுக்காக ஏரியின் அக்கரையிலிருந்து ஐஸ்கிரீம் வாங்கி வரத் துடுப்புப் போட்டுப் போனாராம். திரும்பி வருவதற்குள் அது உருகிப் போயிற்றாம். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் அவருடைய படகு எஞ்சின் என்பார்கள். 1909-ல் மில்வாக்கி நகரில் அவர் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கணக்கு வழக்கு, கடிதம், விளம்பரம் யாவற்றையும் கவனித்துக்கொண்டவர் பெஸ் அம்மையார். எஞ்சினும் பெண்களும் என்று யாராவது சிரித்தால் அந்த அம்மையாரை ஞாபகப்படுத்துங்கள்!

நம் மலைக்கு வருவோம். அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழை நின்று மண் பதத்துக்கு வரக் காத்திருந்ததில் எங்கள் கடைபோகம் தாமதமாகிவிட்டது. டிசம்பர் முடியும்போதும் உருளைச் செடிகள் பச்சையாகவே நின்றன. கிழங்கு பருக்க இன்னும் மூன்று வாரமாவது வேண்டும். இலை இருந்தால்தான் கிழங்கு பருக்கும். இலை கருகிவிட்டால் மண்ணுக்குள் இருப்பது கோலிக்குண்டுதான். விதைக்கிழங்கு வாங்க அக்காவின் வளையல் இரண்டும் குன்னூரில் ஓர் அடகுக் கடைக்குப் போயிருந்தன. வரும் கோடைக்குப்பின் அக்காவை ஆசிரியப் பயிற்சியில் சேர்ப்பதாக இருந்தது. அதற்கும் பணம் அந்த ஏழு அடுக்குகளிலிருந்துதான் வரவேண்டும்.

உறைபனியைப் பற்றித் தெரியாத சமவெளித் தோழியருக்காக இரண்டு வார்த்தை. மேகமில்லாத வானமும் காற்றில்லாத இரவுமாக இருந்தால் தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகையால்தான் மேட்டில் இருக்கும் வீட்டு முற்றத்தில் ஒன்றுமில்லாதபோதும் ஓடைக்கரைத் தோட்டம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். அந்த வெண்மை பார்க்க அழகுதான். வெயில் பட்டு அது சட்டென்று உருகிய ஒரு மணி நேரத்தில் இலைகள் வெந்த கீரையாகத் தொங்கும். மறுநாள் கருப்பு. இதற்கு எங்கள் ஊரில் செய்யும் வைத்தியம், வெயில் வருவதற்கு முன் தண்ணீர் அடித்துப் பனியைக் கழுவிவிடுவது. கையை வைத்தால் விறைக்கும் ஓடைத் தண்ணீர்கூட உறைந்த இலையை விடச் சூடானதுதானே! இன்று பல தோட்டங்களில் மின்மோட்டாரும் தெளிப்பான்களும் அந்த வேலையைச் செய்கின்றன. அன்று எங்களுக்கு அந்த எஞ்சினும் ஒரு ரப்பர் குழாயும்.

இதில் உள்ள வேடிக்கையை கவனித்தீர்களா? பழைய எஞ்சின் கிளம்ப மறுப்பது குளிரில். அது கட்டாயம் கிளம்ப வேண்டியதும் குளிரில்தான்.

டிசம்பர் 28, மாசற்ற குழந்தைகள் திருநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை கோயிலில் புத்தாண்டு நாடகத்துக்கு ஒத்திகை. எனக்கு வானதூதர் வேடம். ஐந்தரை மணிக்கு எஞ்சினை நிறுத்தப் போனபோது தோழிகள் மூவர் மேலே பாதையில் நின்றுகொண்டு, "வா, வா, நேரமாச்சு!" என்று கூப்பிட்டார்கள். ஐந்து நிமிஷம் பெட்ரோலில் ஓடவிட வேண்டும் என்பது நன்றாக ஞாபகம் இருந்தது. மறந்துபோய்விட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். திருகை நடுவுக்குத் திருப்பி, அடைப்பானை அழுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு ஓடினேன்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பா என்னை உலுக்கி எழுப்பினார். முற்றத்து வாளித் தண்ணீரின்மேல் கண்ணாடித் தகடுபோல் ஐஸ். அப்பா, மாமா, நான் மூவரும் அரிக்கேன் விளக்கோடு இறங்கினோம். நான்காவது அடுக்கிலிருந்து கீழே எல்லாம் வெளுத்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் காலடியில் புல் நொறுங்கியது. மாமா வாய் திறக்கவில்லை. கடலில் புயலைப் பார்த்தவர், செடியின்மேல் உட்கார்ந்திருந்த அந்த வெள்ளையைப் பார்த்துத் தொப்பியை எடுப்பதுபோல் தலைச் சால்வையை எடுத்தார்.

அப்பா பம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பினார். திருகைப் பெட்ரோல் பக்கம் திருப்பி, சோக்கை மூடி, கயிற்றைச் சுற்றி இழுத்தார். கர்ர் என்றது, அவ்வளவுதான். மறுபடி இழுத்தார். இருபது தடவைக்குமேல் இழுத்த பிறகு மாமா வாங்கி இழுத்தார். துடுப்பும் வலையும் இழுத்த கைகள் அவருடையவை. எஞ்சினுக்கு அதெல்லாம் தெரியுமா?

"ஸ்பார்க் வருதா பாருங்க அத்தான்" என்றார் மாமா.

பிளக்கைக் கழற்றினார்கள். நனைந்திருந்தது. துணியால் துடைத்து, எஞ்சினின் இரும்பின்மேல் வைத்துக் கயிற்றை இழுத்ததும் இருட்டில் நீலப்பொறி பளிச்சென்று தெரிந்தது. மேக்னெட்டோ நன்றாகத்தான் இருக்கிறது. காற்று போகும் வழியைப் பார்த்தார்கள், அடைப்பில்லை. பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள், சொட்டுச் சொட்டாக வந்தது. தீப்பொறி உண்டு, காற்று உண்டு, எரிபொருள் உண்டு. மூன்றும் இருந்தும் எஞ்சின் பிணம்போல் கிடந்தது. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தது.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நேற்று நீதானே அம்மா நிறுத்தினாய்? பெட்ரோலில் ஓடவிட்டுத்தானே?"

"ஆமாம்ப்பா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையோடு அப்பா அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டார். என் பேச்சை அவர் நம்பினார். பிறகு கார்புரேட்டர் பக்கமே அவர் கை போகவில்லை. பிளக்கின் இடைவெளியைச் சரிசெய்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், மறுபடி இழுத்தார். மாமாவுக்கு மூக்கு உதவியிருக்கலாம். ஆனால் அரிக்கேனுக்கு எண்ணெய் ஊற்றிய கைகளால் எதை எடுத்து முகர்ந்தாலும் மண்ணெண்ணெய் வாடைதான். கிழக்கே வானம் வெளுக்கத் தொடங்கியது. அப்பா கடைசி முயற்சியாக, "அடுப்பில் சுட்டுக்கொண்டு வருகிறேன்" என்று பிளக்கை எடுத்துக்கொண்டு மேலே வீட்டுக்கு ஓடினார். ஐம்பது வயதை நெருங்கியவர், உறைந்த படிகளில் வழுக்கி வழுக்கி ஓடியதை நான் பார்த்தேன்.

"மாமா" என்றேன். "நான் மண்ணெண்ணெயிலேயே நிறுத்திட்டேன்."

மாமா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டவில்லை. எஞ்சின் பக்கம் குனிந்து, மிதவைக் கிண்ணத்தின் அடியில் இருந்த பித்தளைத் திருகாணியைக் கழற்றினார். உள்ளே இருந்தது அவர் உள்ளங்கையில் வழிந்தது. ஒரு கிண்ணம்தான், இருமல் மருந்துக்குக் கொடுப்பார்களே அந்த அளவு. பெட்ரோலாக இருந்தால் கையில் சில்லென்று ஆவியாகி மறையும். இது பிசுபிசுவென்று நின்றது. தொட்டியிலிருந்து எத்தனை பெட்ரோல் வந்தால் என்ன? கிண்ணம் ஏற்கெனவே நிறைந்திருந்தது, மிதவை வாசலை மூடிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிஷமாக எஞ்சின் உறிஞ்சியதெல்லாம் குளிர்ந்த மண்ணெண்ணெயை, அதுவும் கிண்ணத்தின் அடியிலிருந்து.

மாமா கிண்ணத்தைப் பெட்ரோலால் ஒருமுறை அலசிவிட்டுத் திருகாணியை முடுக்கினார். பிளக் இல்லாத துளை திறந்தபடி இருக்க, கயிற்றைப் பத்துப் பன்னிரண்டு தடவை இழுத்தார். உள்ளே தங்கியிருந்த ஈரமெல்லாம் புகைபோலப் பீச்சி வெளியே வந்தது. அப்போது அப்பா மூச்சு வாங்க இறங்கி வந்து, துணியில் சுற்றிய சூடான பிளக்கை மாட்டி, கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் கிளம்பியது!

"பார்த்தீங்களா மாப்பிள்ளை! சுட்டதும் கிளம்பிட்டது!" என்று அப்பா கத்தினார். மாமா என்னைப் பார்த்தார். நான் குழாயைத் தூக்கிக்கொண்டு முதல் அடுக்குக்கு ஓடினேன்.

வெயில் மேலிருந்து ஒவ்வொரு அடுக்காக இறங்கும். நாங்களும் மேலிருந்து தண்ணீரை அடித்துக்கொண்டு இறங்கினோம். மாமா குழாயின் வாயைப் பிடித்தார். அம்மாவும் அக்காவும் வந்து, குழாய் செடிகளில் சிக்காமல் தூக்கிப் பிடித்தார்கள். ஐந்தாம் அடுக்கு முடியும்போது வெயில் எங்களைப் பிடித்துவிட்டது. ஆறும் ஏழும் மிச்சம். பனி அதிகமாகப் படிந்திருந்ததும் அந்த இரண்டில்தான். வெயிலுக்குப் பின்னும் அப்பா அடித்துப் பார்த்தார். பத்து மணிக்கெல்லாம் அவை தொங்கிவிட்டன. அப்பா ஒன்றும் சொல்லாமல் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அன்று தாமதமாகத்தான் போனார்.

மாலையில் மாமாவிடம் கேட்டேன், "அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று.

"நான் எதுக்குச் சொல்லணும் மக்ளே? நீ சொல்லு."

நான் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. மாமா புத்தாண்டுப் பூசை முடிந்து ஊருக்குக் கிளம்பினார். நாடகத்தில் நான் சிறகு கட்டிக்கொண்டு நற்செய்தி அறிவித்தேன். எல்லாரும் நன்றாக இருந்தது என்றார்கள்.

இது இப்படியே முடிந்திருக்கும். முடியவிடாமல் செய்தது அப்பாவின் சந்தோஷம். பிளக்கைச் சுட்டதால்தான் எஞ்சின் கிளம்பியது என்று அவர் உறுதியாக நம்பினார். தொழிற்சாலையில் சொன்னார், தேநீர்க் கடையில் சொன்னார். ஜனவரி 2-ஆம் தேதி கவுடர் தாத்தாவின் திண்ணையில் நான்கைந்து விவசாயிகள் உட்கார்ந்திருக்க, "குளிரில் கிளம்பாவிட்டால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், பிளக்கைச் சுடுங்கள்" என்று அடித்துச் சொன்னார். அதில் முழுப்பொய் இல்லை. நனைந்த பிளக்கைச் சுட்டால் காயும், கொஞ்சம் உதவும். ஆனால் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் இருந்தால் பிளக்கைச் செக்கச் சிவக்கச் சுட்டாலும் பயனில்லை. "ஓகோ" என்று அவர்கள் தலையாட்டியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுள் இருவரிடம் அதே மாதிரி எஞ்சின்கள் இருந்தன. எல்லாருடைய தோட்டமும் அதே ஓடைக்கரையில். அடுத்த பனிக்கு அவர்கள் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் ஓடைக்குமாக ஓடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு விஞ்ஞான வகுப்பு ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பில் சிஸ்டர் இரண்டு கண்ணாடித் தட்டுகளை மேசைமேல் வைத்து, ஒன்றில் பெட்ரோலும் ஒன்றில் மண்ணெண்ணெயும் சில சொட்டு விட்டார்கள். சன்னல்களையெல்லாம் திறந்து வைத்து, அடுப்பு விளக்கு எதுவும் அருகில் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். பாடம் முடிவதற்குள் பெட்ரோல் தட்டு காய்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் அப்படியே இருந்தது. திரவம் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது என்றார்கள். பெட்ரோல் பூஜ்ஜியத்துக்குக் கீழே சுமார் 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். மண்ணெண்ணெய்க்கோ பூஜ்ஜியத்துக்கு மேலே 38 பாகையாவது வேண்டும். நான் அதை நோட்டில் எழுதி, அடிக்கோடிட்டு, பரீட்சையில் முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

திண்ணையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பாவிடம் சொன்னேன். முதலில் மண்ணெண்ணெயில் நிறுத்தியதை. பிறகு, "ஆமாம்ப்பா" என்றதை. இரண்டாவதுதான் தொண்டையிலிருந்து வரவில்லை.

அப்பா நின்றுவிட்டார். வெகுநேரம் ஓடைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "நாற்பது நிமிஷம்" என்றார். பிறகு ஐந்து விரலை விரித்து எதையோ எண்ணினார். ஓர் அடுக்குக்கு எட்டு நிமிஷம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் எண்ணி முடித்ததையும் நான் பார்த்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வழி நெடுகப் பேசவும் இல்லை. அதற்கு அடியே தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை என்னைக் கூட்டிக்கொண்டு கவுடர் தாத்தா வீட்டுக்குப் போனார். "கவுடரே, நேற்று நான் சொன்னது தப்பு. என்ன நடந்தது என்று பாப்பா சொல்லுவாள்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டார். சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கவுடர் தாத்தா கேட்டதெல்லாம் எஞ்சினைப் பற்றித்தான். கிண்ணத்துத் திருகாணி எந்தப் பக்கம் இருக்கிறது? வெறும் கையால் கழற்ற வருமா, சாவி வேண்டுமா? எவ்வளவு நேரம் பெட்ரோலில் ஓடவிட வேண்டும்? எல்லாம் கேட்டுக்கொண்டு, உள்ளே திரும்பித் தம் மகனைப் படுகு மொழியில் உரக்கக் கூப்பிட்டார். வந்த மகனிடம் அவர் கேட்ட கேள்வி எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்த மகன் தலையைச் சொறிந்த விதத்தில், அந்த வீட்டிலும் சில காலை வேளைகளில் எஞ்சின் கிளம்பாததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. தாத்தா என்னிடம் ஒரு கை நிறைய அவரை தந்து, "அழாதே" என்றார்.

அப்பா பேசத் தொடங்கியது அன்று மாலைதான். நான் தோட்டத்துப் பக்கமே போகாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தரை மணிக்கு அவர் வாசலில் நின்று, "எஞ்சினை நிறுத்தவில்லையா? போ" என்றார்.

போனேன். திருகைப் பெட்ரோலுக்கு மாற்றினேன். என்னிடம் கடிகாரம் இல்லை. ஆகவே ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கணக்காக ஜெபமாலையில் இரண்டு பத்து மணிகள் சொன்னேன். அவசரமில்லாமல் சொன்னால் இரண்டு பத்துக்கு ஐந்து நிமிஷம் தாராளமாக ஆகும். சத்தம் மாறுவதையும் கவனித்தேன். மண்ணெண்ணெயில் ஓடும்போது கனத்துத் தடதடக்கும் எஞ்சின், கிண்ணத்தில் பெட்ரோல் வந்ததும் இலேசாகி, சுருதி சற்று ஏறும். அந்த ஏற்றம் கேட்ட பிறகும் ஒரு பத்து சொல்லிவிட்டுத்தான் அணைத்தேன். அந்த ஜனவரியில் இன்னும் நான்கு நாள் உறைபனி விழுந்தது. நான்கு நாளும் எஞ்சின் கிளம்பியது. ஒருநாள் மட்டும் ஏழெட்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது. பழைய எஞ்சின் அல்லவா, எண்ணெய் குளிரில் பாகாக இறுகிவிடும். அன்று அப்பா யாரும் பார்க்காதபோது பிளக்கைக் கழற்றிச் சுட்டுக்கொண்டு வந்தார்!

பொங்கலுக்குப் பிறகு கிழங்கு எடுத்தோம். அறுபது மூட்டை எதிர்பார்த்த இடத்தில் 41 மூட்டை தேறியது. ஆறாம் ஏழாம் அடுக்குக் கிழங்குகள் சிறுத்திருந்தன. அவற்றை மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பிப் பயனில்லை என்று வீட்டுக்கே வைத்துக்கொண்டோம். தவக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் பொடிக்கிழங்கு வறுவல், பொடிக்கிழங்குக் குழம்பு. தோலுரிக்கும் வேலையை யாரும் சொல்லாமலே நான் எடுத்துக்கொண்டேன். அக்காவின் வளையல்களில் ஒன்று பிப்ரவரியில் வீட்டுக்கு வந்தது. இன்னொன்றை அடுத்த போகம் முடிந்துதான் மீட்டோம். அதுவரை அக்கா ஒற்றை வளையலோடுதான் கோயிலுக்கு வந்தாள்.